எப்போதாவது

முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று
தாளில் இருந்தது:
"இந்த ஆய்வில் பங்கேற்பதால்
உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை."
தமிழில் சொன்னேன்.
மயிலாத்தாள் சிரித்துவிட்டாள்.
"ஓட்டுக் கேட்டு வர்றவனுக
ஒருத்தனாச்சும் இப்படிச் சொல்லியிருக்கானா கண்ணு?
உக்காருங்க."

எருத்தேம்பதி. மே மாதம்.
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
இளநீர் லாரிகள் வரிசைகட்டும் நேரம்.
இங்கே ரேஷன் அட்டை மலையாளத்தில்,
வசவெல்லாம் தமிழில்.

நாளுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
எம்.எஸ்சி. முடித்து ஒன்றரை வருஷமாய்
வீட்டில் இருந்த எனக்கு
'மொழிபெயர்ப்பாளர்' என்று கழுத்தில் அட்டை.
வந்தவர்கள் இரண்டு பேர்,
நெதர்லாந்துப் பல்கலைக்கழகம்.

யோரிட்டின் ஊர் கடலைவிடத் தாழ்வானது.
தண்ணீரை வெளியே இறைத்து இறைத்தே
பிழைத்தவர்களாம் அவன் முன்னோர்.
மயிலாத்தாள் தோட்டத்துக் கிணற்று விளிம்பில் நின்று
அளவு நாடாவை விட்டுக்கொண்டே இருந்தான்.
அது போய்க்கொண்டே இருந்தது.

சிசோமோ மலாவிக்காரி.
அங்கே உதவித்தொகை, இங்கே களப்பணி.
மூன்று தேசத்து முத்திரை குத்திய கடவுச்சீட்டை
ஜோல்னாப் பையில் வேர்க்கடலையோடு வைத்திருந்தாள்.

கேள்வி பதினொன்று.
"கடந்த நான்கு வாரங்களில்
தண்ணீர் போதாதென்று எத்தனை முறை கவலைப்பட்டீர்கள்?
ஒருபோதும் இல்லை,
எப்போதாவது,
அடிக்கடி,
எப்போதும்."

"கவலைங்கிறது
வந்து வந்து போனாத்தானே எண்ண முடியும்?"

'எப்போதும்' என்று குறிக்கச் சொன்னேன்.
சொன்ன மாத்திரத்தில்
அவள் வாக்கியம் சுருங்கி
ஒரு கட்டத்துக்குள் டிக் அடையாளமானது.

அதற்குப் பிறகுதான் மயிலாத்தாள் கேட்டாள்,
என்னை அல்ல, அவளைப் பார்த்து:
"இந்தப் புள்ளைய யாராச்சும்
இப்படிக் கேட்டிருக்காங்களா?"

எதிர்த்திசையில் மொழிபெயர்க்க
எனக்குக் கூலி பேசவில்லை. இருந்தாலும் பெயர்த்தேன்.

சிசோமோ பேனாவைக் கீழே வைத்தாள்.
கேட்டிருக்கிறார்கள்.
ஒன்பது வயது எனக்கு. வெள்ளை ஜீப்.
அம்மா மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.
ஏறக்குறைய இதே கேள்விகள்.
எல்லாவற்றுக்கும் 'எப்போதாவது' என்றாள் அம்மா.
முந்தின இரவு நாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏன் என்று நான்தான் கேட்டேன்.
அவள் சொன்ன ஆங்கிலச் சொல்
பெருமைக்கும் வெட்கத்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது.
நான் 'மானம்' என்றேன்.

மயிலாத்தாள் வெகுநேரம் பேசவில்லை.
முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.
"அப்ப என்னுதையும்
எப்போதாவதுன்னு மாத்திப் போடு."

இது சரியா என்று யோரிட் கேட்டான்.
பதிலை எந்நேரமும் மாற்றிக்கொள்ளலாம்,
முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
சிசோமோ அடித்துத் திருத்தினாள்.
அவள் எழுத்து அந்த ஓரிடத்தில் மட்டும்
கோணலாய் இருந்தது.

கிளம்பும்போது மூன்று டம்ளர் தண்ணீர் வந்தது.
நாளைக்கு எத்தனை குடம் என்ற கணக்கில்
அதைச் சேர்ப்பதா கழிப்பதா தெரியாமல்
குடித்துவிட்டோம்.

சனிக்கிழமை சேவை நாள்.
பள்ளிக்கூடத் தொட்டிக்கு நீலம் அடித்தார்கள்.
பல்கலைக்கழகத்தின் பெயர்
நன்றாகத் தெரியும்படி வந்திருக்கிறது.
தண்ணீர் வியாழக்கிழமைகளில் வருகிறது,
வந்தால்.

பதினான்கு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது.
எருத்தேம்பதி அதில் 'களம் மூன்று'.
நன்றி சொன்ன இடத்தில்
என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
வரைபடத்தில் மேலே கூட்டமாய்ப் புள்ளிகள்.
கீழே ஒன்று மட்டும் தள்ளி,
பக்கத்தில் பொடி எழுத்தில்: 'விலகல், காரணம் தெரியவில்லை.'

போனைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.
"இதுல நான் எது?"
தொட்டுக் காட்டினேன்.
விரல் பட்டுத் திரை பெரிதானது,
புள்ளியும்.

"அந்தப் புள்ளையோட அம்மா
எது?"